ஏட்டுத் திறன் கறிக்கு உதவுமா?

அடுப்பில் ஒரு பானை நிறையக் குழாய் நீரை வைத்துத் தீயை மூட்டுங்கள். முதல் ஒரு நிமிடம் பானையின் உள்ளே பார்க்காமல் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். அடிப்பகுதியை ஒட்டி, வாயால் ஊதிய கண்ணாடிபோல, மங்கலாக ஓர் ஈரப்படலம் தோன்றும். சில வேளைகளில் அது துளியாகத் திரண்டு, வழிந்து, தீயில் பட்டு 'சுர்' என்று சத்தமும் போடும். பானை சூடேறியதும் படலம் காணாமல் போய்விடும்.

இது எங்கிருந்து வந்த நீர் என்று என் வகுப்பில் கேட்டேன். மூன்று விடைகள் வந்தன. பானை ஒழுகுகிறது. கழுவிய பானையைச் சரியாகத் துடைக்கவில்லை. காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த பானையில் படிகிறது. மூன்றாவது விடையைச் சொன்ன மாணவி ஐஸ் தேநீர்க் குவளையை நினைத்துச் சொன்னாள், நல்ல சிந்தனைதான். ஆனால் நம் நாட்டில் குழாய் நீரும் அறைக்காற்றும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. தீ மூட்டும் வரை பானை காய்ந்தே இருந்தது. தீ வந்த பிறகுதான் ஈரம் வந்தது. அப்படியானால் நீர் தீயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

வகுப்பு சிரித்தது. தீயிலிருந்து நீரா?

ஆமாம், தீயிலிருந்துதான். நம் வீட்டு எரிவாயுத் தோம்பில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. இரண்டுமே கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தவை. எரியும்போது கார்பன் கரியமில வாயுவாகிறது, ஹைட்ரஜன் நீராவியாகிறது. புரோப்பேனின் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். 44 கிராம் புரோப்பேன் எரிந்தால் 72 கிராம் நீர் உருவாகும். பியூட்டேன் சற்றுக் குறைவாகத் தரும். கலவைக்குச் சராசரியாக, 1 கிலோ எரிவாயுவுக்கு ஏறத்தாழ 1.6 கிலோ நீர் என்று வைத்துக்கொள்ளலாம். 14 கிலோ தோம்பு ஒன்று தீர்ந்துபோகும் நேரத்தில், உங்கள் சமையலறைக்குள் ஏறத்தாழ 22 லிட்டர் நீர் ஆவியாக வந்து, சன்னல் வழியே போயிருக்கிறது. ஏறத்தாழ 42 கிலோ கரியமில வாயுவும் கூடவே போயிருக்கிறது.

அந்த நீராவி வெறுங்கையோடு போகவில்லை. நீர் ஆவியாக இருப்பதற்கென்றே ஒரு வெப்பத்தை வைத்திருக்கிறது. பள்ளியில் நீங்கள் 'ஹாபா பெண்டாம்' என்று படிப்பதுதான் அது. தமிழில் உள்ளுறை வெப்பம். எரிவாயு தரும் மொத்த வெப்பத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு இப்படி நீராவிக்குள் ஒளிந்துகொண்டு வெளியேறுகிறது. நமக்கு அது கவலையில்லை. ஏற்கெனவே வியர்த்துக் கொட்டும் சமையலறையில் இன்னும் கொஞ்சம் வெப்பம் யாருக்கு வேண்டும்?

ஆனால் குளிர்நாடுகளில் இப்படி ஒளிந்துகொள்ளும் வெப்பத்துக்காகப் பொறியியலாளர்கள் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். அமெரிக்கா, கனடா வீடுகளில் 'ஃபர்னஸ்' என்ற இயந்திரம் ஒன்று நிலவறையிலோ ஒரு சிறு அறையிலோ இருக்கும். அது இயற்கை எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கி, விசிறியால் தள்ளி, சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடும் தகரக் குழாய்கள் வழியாக அறை அறையாக அனுப்பும். நம் வீட்டில் குளிர்சாதனம் செய்வதற்கு நேர் எதிரான வேலை. எரிந்த புகை, வீட்டுக் காற்றோடு கலக்காமல் தனியே புகைபோக்கி வழியாக வெளியேறும்.

பழைய வகை இயந்திரங்களில் அந்தப் புகை நல்ல சூட்டோடு வெளியேறியது. இன்றும் சாதாரண வகையின் ஆண்டுச் செயல்திறன் ஏறத்தாழ 80 விழுக்காடு; 100 ரிங்கிட்டுக்கு எரிவாயு வாங்கினால் 20 ரிங்கிட் புகைபோக்கியில் போகிறது என்று பொருள். புதிய வகை, புகையை இரண்டாவது வெப்பமாற்றி ஒன்றின் வழியே செலுத்தி, அதிலுள்ள நீராவி நீராக மாறும் அளவுக்குக் குளிர்விக்கிறது. ஆவி நீராகும்போது ஒளித்து வைத்திருந்த வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடுகிறது. செயல்திறன் 90-க்கு மேல், 98 விழுக்காடு வரைகூடப் போகிறது. வெளியேறும் புகை அவ்வளவு குளிர்ந்திருப்பதால் அதற்கு உலோகப் புகைபோக்கிகூடத் தேவையில்லை. பிளாஸ்டிக் குழாய் போதும். கூடவே, சேரும் நீரை வெளியேற்ற ஒரு சிறு வடிகுழாயும் வேண்டும். உங்கள் பானையின் அடியில் ஒரு நிமிடம் தோன்றி மறைந்த அதே துளிதான், அந்த இயந்திரத்தின் வடிகுழாயில் குளிர்காலம் முழுவதும் சொட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பொறியியலை நான் மெச்சுகிறேன். ஆனால் இந்தக் கட்டுரையை அதைப் புகழ எழுதவில்லை. அந்த 95, 98 என்ற எண்கள் யாருடையவை என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

அவை இயந்திரத்தின் எண்கள். வீட்டின் எண்கள் அல்ல. சூடான காற்று அந்த இயந்திரத்தை விட்டுக் கிளம்பிய பிறகு தகரக் குழாயில் பயணம் செய்ய வேண்டுமே! இணைப்புகள் விலகியிருக்கும், ஓட்டைகள் இருக்கும். வழக்கமான ஒரு வீட்டில் குழாய்க்குள் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு இப்படிக் கசிந்து வீணாகிறது என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் கூறுகிறது. அதாவது, ஒருவர் பெரும் பணம் கொடுத்து 80-லிருந்து 95-க்கு மாறிவிட்டு, யாரும் வசிக்காத பரணைச் சூடாக்கிக்கொண்டிருக்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அங்கே முதலில் ஓட்டையை அடைக்கச் சொல்கிறார்கள். கூரைக்கு வெப்பக்காப்பு போடு, தூசி அடைத்த வடிகட்டியை மாற்று, பிறகு புது இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம் என்கிறார்கள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள் நம் பெரியவர்கள். செயல்திறனுக்கும் ஓர் ஏட்டு எண் உண்டு. ஒரு வீட்டு எண் உண்டு. நாம் எப்போதும் ஏட்டு எண்ணைப் பார்த்தே பேசுகிறோம், வாங்குகிறோம், தேர்வில் விடையும் எழுதுகிறோம். வீட்டு எண்ணை அளந்து பார்ப்பவர் மிகச் சிலர். இதுதான் என் குறை.

இனி நம் அடுப்புக்கு வருவோம். நமக்கு ஃபர்னஸ் வேண்டாம். ஆனால் எரிவாயுவை எரித்து வெப்பமாக்கும் இயந்திரம் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. இந்தியாவில் வீட்டு எரிவாயு அடுப்புக்கான தர நிர்ணயம், வெப்பத் திறன் குறைந்தது 68 விழுக்காடு இருக்க வேண்டும் என்கிறது. நல்ல எண். ஆனால் அது சோதனைக் கூடத்தில், பர்னருக்குப் பொருத்தமான அளவுப் பாத்திரத்தில், மூடி போட்டு, காற்று வீசாத இடத்தில் எடுக்கப்படுவது. மற்ற நாடுகளில், வேறு முறைகளில் எடுத்த பல அளவீடுகளில் எரிவாயு அடுப்பின் திறன் 40 விழுக்காட்டுக்கும் கீழே வந்திருக்கிறது. அடுப்புகள் பெரிதாக மாறிவிடவில்லை. அளந்த விதம்தான் மாறியிருக்கிறது.

எங்கள் வீட்டு எண் என்ன என்று பார்க்க ஆசை வந்தது. 14 கிலோ தோம்பை நிறுத்துப் பார்ப்பது கடினம். தோம்பின் எடையும் சேர்ந்து 30 கிலோவை நெருங்கும். அதில் சில கிராம் குறைந்ததைக் குளியலறைத் தராசு காட்டாது. ஆகவே ஸ்டீம்போட்டுக்குப் பயன்படுத்தும் கையடக்க அடுப்பை எடுத்தேன். அதன் பியூட்டேன் புட்டி சிறியது. மாவு நிறுக்கும் சமையலறைத் தராசில் வைத்து 1 கிராம் வரை பார்த்துவிடலாம்.

1 லிட்டர் நீர். தொடக்க வெப்பநிலை 28 டிகிரி. கொதிநிலை 100. வித்தியாசம் 72 டிகிரி. நீரின் தன்வெப்பக் கொள்ளளவு ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு 4.2 கிலோஜூல். பெருக்கினால் 302 கிலோஜூல். நீருக்குப் போய்ச் சேரவேண்டிய வெப்பம் இவ்வளவுதான். பியூட்டேன் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 46 கிலோஜூல் தரும். நான் முன்னர் சொன்ன நீராவிப் பங்கைக் கழித்த பிறகு வரும் எண் இது.

முதல் முறை, வீட்டில் வழக்கமாகச் செய்வதுபோலவே செய்தேன். மூடியில்லாத பானை, தீ முழு அளவு. புட்டியின் எடை 17 கிராம் குறைந்தது. 17 கிராம் தரும் வெப்பம் 782 கிலோஜூல். நீருக்குள் போனது 302. செயல்திறன் 39 விழுக்காடு. இரண்டாம் முறை, பானை ஆறிய பிறகு, அதே அளவு நீர், மேலே மூடி, தீயைப் பானையின் அடிவட்டத்துக்கு உள்ளே நிற்கும்படி குறைத்தேன். கொதிக்க அதிக நேரம் எடுத்தது. எடை 12 கிராம் குறைந்தது. செயல்திறன் 55 விழுக்காடு. தராசு ஒரு கிராம் முன்பின் காட்டக்கூடியது. ஆகவே 55 என்பதை 50-க்கும் 60-க்கும் இடையில் என்று படியுங்கள். ஆனால் 17-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடு தராசின் பிழையால் வந்ததல்ல.

அடுப்பு ஒன்றுதான். பானையும் ஒன்றுதான். ஒரு காசு செலவில்லை.

முதல் முறையில் வீணான 61 விழுக்காடு எங்கே போனது? பெரும்பகுதி பானையைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. தீ பானையின் அடியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தால், அந்த நாக்குகள் சூடாக்குவது கைப்பிடியையும் சமையலறையையும்தான். தீயைக் கூட்டும்போது வெப்பம் கூடுகிறது, ஆனால் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் பானையின் அடி அதே பரப்பளவில்தான் இருக்கிறது. ஆகவே கூடுதலாகத் தரும் ஒவ்வொரு கிராமிலும் பானை வாங்குவது குறைந்துகொண்டே போகிறது.

இங்கே ஒரு பொதுவான தவறான விடையைத் திருத்த விரும்புகிறேன். "எரிவாயுவை மிச்சப்படுத்த என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பாதி மாணவர்கள் "செம்புப் பானை வாங்கலாம், செம்பு வெப்பத்தை நன்றாகக் கடத்தும்" என்று எழுதுகிறார்கள். செம்பு, துருப்பிடிக்காத எஃகைவிட இருபது மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்துவது உண்மை. ஆனால் வெப்பம் பானைக்குள் வர இரண்டு தடைகளைத் தாண்டவேண்டும். ஒன்று உலோகம். மற்றொன்று, பானையின் அடியை ஒட்டி நிற்கும் மெல்லிய வாயுப் படலம். வாயுக்கள் வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துபவை. கணக்குப் போட்டுப் பார்த்தால், 1 மில்லிமீட்டர் எஃகு தரும் தடை, அந்த வாயுப் படலம் தரும் தடையில் நூறில் ஒரு பங்குகூட வராது. நெரிசலில் பத்து கிலோமீட்டர் நிற்கும் நெடுஞ்சாலையில், கடைசி நூறு மீட்டரை மட்டும் அகலப்படுத்துவதுபோன்றது செம்புப் பானை. தடித்த, பல அடுக்கு அடிப்பகுதி கொண்ட பாத்திரங்களால் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் வெப்பம் சமமாகப் பரவி அடிபிடிக்காமல் இருப்பதுதான், எரிவாயு மிச்சம் அல்ல.

உண்மையான தடை வாயுப் பக்கத்தில் இருப்பதால், அந்தப் பக்கத்தின் பரப்பளவைக் கூட்டுவதே சரியான வழி. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் சில பானைகளைத் திருப்பிப் பாருங்கள். அடியில் நெளிநெளியாக உலோக மடிப்புகளை ஒட்டியிருப்பார்கள். ஃபர்னஸில் உள்ள வெப்பமாற்றியும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. நம் வீட்டில் செய்யக்கூடியது மிக எளிது: ஒடுக்கமான பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைக்காமல், அகன்ற அடியுள்ள பாத்திரத்தை எடுப்பது.

அடுத்தது மூடி. இதைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும்; ஏனென்றால் பெரிய இழப்பு கொதிக்க வைப்பதில் இல்லை, கொதித்த பிறகு நடப்பதில் இருக்கிறது.

ஒரு கிராம் நீரை 28 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 302 ஜூல் போதும். அதே ஒரு கிராமை 100 டிகிரியிலேயே ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். ஏழரை மடங்கு! பருப்பு தளதளவென்று கொதிக்கிறது; மூடியில்லை; தீ முழு அளவில் இருக்கிறது. ஒரு குவளை நீர், அதாவது 250 கிராம், ஆவியாகப் போய்விட்டது என்று வையுங்கள். அந்த ஆவியோடு போன வெப்பம், ஒன்றே முக்கால் லிட்டருக்கும் மேலான குழாய் நீரைக் கொதிக்க வைத்திருக்கும். இதற்குப் பருப்புக்குக் கிடைத்த பயன் என்ன? ஒன்றுமில்லை. திறந்த பானையில் நீரின் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. மெதுவாகக் குமிழ்விட்டாலும் 100 டிகிரிதான். பானை அதிரக் கொதித்தாலும் 100 டிகிரிதான். பருப்புக்குத் தெரிவது வெப்பநிலை மட்டும். தீயின் உயரம் அதற்குத் தெரியாது.

பருப்பை விரைவாக வேகவைக்க வேண்டுமென்றால் நீரின் கொதிநிலையையே உயர்த்த வேண்டும். அதைத்தான் பிரஷர் குக்கர் செய்கிறது. உள்ளே அழுத்தம் வெளியழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கானதும் கொதிநிலை 120 டிகிரிக்குப் போகிறது. அந்த 20 டிகிரி வேகும் நேரத்தை வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் குக்கரிலும் நாம் ஒரு வேலை செய்கிறோம்: தீயைக் குறைக்காமல் விசில் எண்ணுகிறோம். அழுத்தம் வந்த பிறகு அடிக்கும் ஒவ்வொரு விசிலும் உள்ளுறை வெப்பம் விடைபெறும் சத்தம். முதல் விசிலோடு தீயைக் குறைத்து, விசில்களை எண்ணுவதற்குப் பதில் நிமிடங்களை எண்ணினால் பருப்பு அதேபோல் வேகும். கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடுவதும் இதே கணக்குதான். நீர் உள்ளே ஊடுருவும் வேலையைத் தீ செய்ய வேண்டியதில்லை, இரவு செய்துவிடும்.

இதையெல்லாம் என் அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் சம்பல் வதக்கிக்கொண்டிருந்தார். "இதை மூடி போட்டு, சின்னத் தீயில் வதக்கிக் காட்டு பார்ப்போம்" என்றார்.

அவர் சொன்னது சரி. வதக்குவதிலும் பொரிப்பதிலும் நோக்கம் வேறு. அங்கே எண்ணெய் 150 டிகிரிக்கும் மேல் போகவேண்டும். மிளகாய், வெங்காயத்தின் நீர் வெளியேறித்தான் ஆகவேண்டும். மூடினால் ஆவி திரும்ப விழுந்து சம்பல் சொதசொதவென்று ஆகிவிடும். அங்கே ஆவி வீணல்ல, வேலை. ஆகவே "எப்போதும் மூடு, எப்போதும் தீயைக் குறை" என்று நான் சொல்லமாட்டேன். நீரில் வேகும் சமையலுக்கு ஒரு கணக்கு. எண்ணெயில் வேகும் சமையலுக்கு வேறு கணக்கு. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதற்குத்தான் அறிவியல் படிக்கிறோம். நாற்பது ஆண்டு சமைத்தவருக்குப் பாடம் நடத்தப் போவதற்கு முன், இரவு பத்து மணிக்கு ஒரு பொட்டலம் மேகி மீ வேகவைக்க அரைப்பானை நீரைக் கொதிக்க வைக்கும் நம்மில் சிலர், குவளையால் அளந்து ஊற்றப் பழகலாம்.

காற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மின்விசிறி நேராக அடுப்பை நோக்கி வீசினால் தீ சாயும், வெப்பம் ஓடிவிடும், சில வேளைகளில் தீ அணைந்து எரிவாயு மட்டும் வெளியேறும். விசிறியைத் திருப்பி வையுங்கள். ஆனால் "காற்று வெப்பத்தைத் திருடுகிறதே" என்று சன்னலையும் கதவையும் மூடிவிடாதீர்கள். இங்கேதான் சிக்கனத்துக்கும் உயிருக்கும் மோதல் வருகிறது; அந்த மோதலில் சிக்கனம் தோற்க வேண்டும்.

எரிவாயு முழுமையாக எரிய ஆக்சிஜன் போதுமான அளவு வேண்டும். போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறமில்லை, மணமில்லை. எரிவாயு கசிந்தால் மூக்குக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அதில் வேண்டுமென்றே நாற்றப் பொருள் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு அந்த உதவியும் கிடையாது. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குளிர்நாடுகளில் ஃபர்னஸின் புகைபோக்கி அடைபட்டு, உறக்கத்திலேயே குடும்பங்கள் இறந்த நிகழ்வுகள் உண்டு. அங்கே பல வீடுகளில் இதற்கென்றே எச்சரிக்கைக் கருவி மாட்டியிருப்பார்கள். நம் சமையலறைகள் பெரும்பாலும் பின்பக்கம் திறந்தவை. அதுவே நமக்குப் பாதுகாப்பு. ஆனால் மழை நாளில், கதவடைத்துக் குளிர்சாதனம் போட்ட அறையில், கையடக்க அடுப்பை நடுவில் வைத்து ஸ்டீம்போட் சாப்பிடும் பழக்கம் நம்மிடம் வந்துவிட்டது. அந்தப் பழக்கம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு சன்னலையாவது திறந்து வையுங்கள். குளிர்சாதனம் வீணாகிறதே என்று யாராவது சொன்னால், ஆகட்டும் என்று சொல்லுங்கள்.

தீயின் நிறமும் பேசும். நீலமாக, நிலையாக எரிந்தால் நலம். மஞ்சளாக ஆடினால், பானையின் அடியில் கரி படிந்தால், எரிபொருள் முழுமையாக எரியவில்லை. கரியோடு கார்பன் மோனாக்சைடும் வரக்கூடும். பெரும்பாலும் பர்னரின் துளைகளில் பொங்கி வழிந்த சோறும் எண்ணெயும் அடைத்திருக்கும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, தோம்பின் வால்வை மூடிவிட்டு, பர்னர் மூடியைக் கழற்றிக் கழுவி, துளைகளை ஊசியால் சுத்தம் செய்து, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். அதன் பிறகும் மஞ்சள் போகவில்லை என்றால் அடுப்பு பழுதுபார்ப்பவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ரெகுலேட்டரிலும் ரப்பர்க் குழாயிலும் நீங்களே கைவைக்காதீர்கள்.

பாசார் மாலாமில் எரிவாயுக் குழாயில் மாட்டும் காந்தத்தை 'எரிவாயு சேமிப்பான்' என்று விற்பதைப் பார்த்திருப்பீர்கள். புரோப்பேனும் பியூட்டேனும் காந்தத்தால் ஏறக்குறைய பாதிக்கப்படாதவை. அந்தப் பணத்தில் மூடி வாங்கலாம்.

"டீச்சர், இவ்வளவு ஏன்? இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிவிட்டால் 85 விழுக்காடு கிடைக்குமே" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் இதுவும் ஏட்டு எண்தான். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? மலேசியாவில் மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. நிலக்கரி நிலையம் ஏறத்தாழ 38 விழுக்காட்டு வெப்பத்தைத்தான் மின்சாரமாக்குகிறது என்று கொள்வோம். 0.38-ஐ 0.85-ஆல் பெருக்கினால் 32 விழுக்காடு. நல்ல எரிவாயு மின்நிலையம் 55 என்றால், 47 விழுக்காடு. மூடி போட்ட என் பானை 55-ல் நிற்கிறது. தொடர்ச்சியாக வரும் திறன்களைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். ஏதாவது ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் முழுச் சங்கிலியும் பலவீனமே. அதேவேளை, இண்டக்‌ஷன் அடுப்பு சமையலறைக்குள் புகையையோ கார்பன் மோனாக்சைடையோ விடுவதில்லை. கூரையில் சூரியத் தகடு இருந்தால் கணக்கே தலைகீழாகிவிடும். ஆகவே நான் அதற்கு எதிரியல்ல. நன்றாக இருக்கும் அடுப்பைத் தூக்கி எறிய அது காரணமாகாது என்கிறேன், அவ்வளவுதான்.

"எவ்வளவு மிச்சமாகும்?" என்பதுதான் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி. நேர்மையாகச் சொல்கிறேன். தீபகற்ப மலேசியாவில் வீட்டு எரிவாயுவின் உதவித்தொகை விலை கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென். 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென். 17 கிராம் 12 கிராமான அதே விகிதத்தில் எல்லாச் சமையலும் குறைந்தால்கூட ஒரு தோம்புக்கு 8 ரிங்கிட்டுக்கும் குறைவாகத்தான் மிச்சமாகும். வதக்குவதும் பொரிப்பதும் அப்படிக் குறையாது என்பதால் உண்மையான மிச்சம் இன்னும் குறைவு; நான்கு ரிங்கிட் என்று வையுங்கள். ஒரு கோப்பை தே தாரிக்கும் ஒரு ரொட்டிச் சானாயும்.

இவ்வளவு சிறிய தொகைக்கு யார் தீயைக் குறைப்பார்? இந்தக் கேள்விதான் பிரச்சினையின் வேர் என்று நினைக்கிறேன். 26 ரிங்கிட் 60 சென் என்பது அந்த எரிவாயுவின் உண்மையான விலை அல்ல. மீதியை அரசாங்கம் நம் எல்லாருக்கும் சேர்த்துப் பொதுப்பணத்திலிருந்து கட்டுகிறது. விலை குறைவாக இருப்பதால் வீணாவது கண்ணுக்குத் தெரிவதில்லை. உதவித்தொகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் சிரமப்படும் குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆனால் ரிங்கிட்டில் பார்த்தால் மறைந்துபோகும் ஒன்று கிலோவில் பார்த்தால் தெரிகிறது. தோம்புக்கு 2 கிலோ எரிவாயு மிஞ்சினால் 6 கிலோ கரியமில வாயு உருவாகவில்லை. ஒரு வீட்டுக்கு இவ்வளவு. உங்கள் தாமானில் எத்தனை வீடுகள் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

படிவம் 4 இயற்பியலில் வெப்பம் என்று ஒரு தனி இயலே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நீரைச் சூடாக்குகிறோம், எண்ணை எழுதுகிறோம், புத்தக விடையோடு ஒத்துவராவிட்டால் "சுற்றுப்புறத்துக்கு வெப்பம் இழக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள்தான் இந்தக் கட்டுரை முழுவதும் இருக்கிறது. எவ்வளவு இழக்கப்பட்டது, எந்த வழியாக, எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்கக்கூடாது என்று அடுத்த நான்கு கேள்விகளைக் கேட்க நாம் மாணவர்களைப் பழக்கவில்லை. ஆசிரியர்களான எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

செய்து பார்க்க விரும்புபவர்கள் அம்மா, அப்பா அல்லது அண்ணன், அக்காள் என யாராவது பெரியவருடன்தான் செய்யவேண்டும். கையடக்க அடுப்பைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். புட்டி இருக்கும் பக்கத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிய பானை வேண்டாம். அது புட்டியைச் சூடாக்கிவிடும். தீயை அணைத்து, அடுப்பு ஆறிய பிறகே புட்டியைக் கழற்றி நிறுங்கள். ஒவ்வொரு முறையும் நீர் அதே அளவு, அதே தொடக்க வெப்பநிலை. பானையும் ஒவ்வொரு முறையும் ஆறியிருக்க வேண்டும்; சூடான பானையில் தொடங்கினால் இரண்டாம் எண் பொய்யாக அழகாக இருக்கும். மூடியை மட்டும் மாற்றி ஒரு முறை, தீயின் அளவை மட்டும் மாற்றி ஒரு முறை செய்தால், எது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்லலாம். நான் இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டேன். என் சோதனையின் குறை அது. என் மாணவர்கள் யாராவது அப்படிச் செய்திருந்தால் மதிப்பெண் குறைத்திருப்பேன்.

மூடி இல்லை என்ற சாக்கும் வேண்டாம். எங்கள் வீட்டுப் பானையின் மூடி தொலைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த 12 கிராம், பானையின் மேல் ஓர் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து எடுத்த எண்.